மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

நடுவர் ஹெலன் உயர்த்தியிருந்த கையை இறக்கினாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தில் 20:00 என்பது 19:59 ஆயிற்று. பூங்கோதையின் வேலை தொடங்கிவிட்டது. வேலை என்றால், நிற்க வேண்டும். வலது கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதன் நடுவில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிவப்புப் பட்டன், அதன் மேல் கட்டைவிரல். தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அமுக்கக் கூடாது. இருபது நிமிடமும் அப்படியே. அமுக்கினால் களத்தில் இருக்கும் இரண்டு இயந்திரங்களும் அந்த நொடியே செத்துப்போகும். பறப்பது விழும், ஊர்வது உறையும், இன்றைய ஆட்டம் அத்தோடு முடியும். மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டில் கணவர் முருகவேலிடம் இதை விளக்கினாள். அவர் பம்பு மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப அமுக்காம இருக்கறதுக்கா உன்னையப் பிளேன்ல கூட்டீட்டுப் போறாங்க?" என்றார். ஆமாம் என்றாள். "அதுக்கு நானே போயிருப்பனே" என்றார். அவரால் முடியாது. லிஃப்டில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பட்டனை இன்னொரு தரம் அமுக்குகிற ஆள் அவர். கல்யாணமான பதினான்கு வருடத்தில் எரியும் பட்டனை அமுக்காமல் அவர் ஒரு லிஃப்டில் போய் அவள் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடுமோ என்று அடக்கிக்கொண்டாள். 19:31.

அணியின் பறக்கும் இயந்திரமான தும்பி எழும்பியது. ஆறு இறக்கைகளும் ஒரே சுருதியில் பிடித்துக்கொண்டன. ஒரு மோட்டார் கெட்டிருந்தாலும் முதலில் காதுக்குத்தான் தெரியும். தும்பிக்குள் ஓடும் கம்பிகளில் அவள் பற்றவைக்காதது ஒன்றுகூட இல்லை. கோவைக்கு வெளியே, அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் பதினோரு வருடமாக லேப் உதவியாளர். மாணவர்கள் நாலு வருடத்துக்கு ஒரு முறை மாறிவிடுவார்கள், அவளும் பற்றவைக்கும் கோலும் மாறவில்லை. தரையில் எருமை நகர ஆரம்பித்திருந்தது. விண்ணப்பத்தில் அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. லேப்பில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கூப்பிட்டால் திரும்பாது, பாதையை விட்டு விலகாது, தோன்றினால் நின்றுகொள்ளும், அதனால் எருமை. முதுகில் ஐந்து தண்ணீர்ப் பொட்டலங்கள். கண்காட்சிக் கூடத்துக்குள்ளேயே இடிந்த கட்டடம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள்: சாய்ந்த சிமெண்டுப் பலகைகள், ஒட்டுப்பலகைச் சுவர்கள், நெளிந்த கம்பிகள், நடுநடுவே இயந்திரம் விட்ட புகை. உள்ளே ஐந்து பொம்மைகள், ஆள் அளவில், ஆள் சூட்டில். வயிற்றுக்குள் ஹீட்டர் வைத்திருக்கிறார்களாம். தும்பி தன் வெப்பக் கேமராவால் சூட்டைத் தேடிப் பொம்மையைக் கண்டுபிடிக்க வேண்டும், எருமைக்கு வழி சொல்ல வேண்டும், எருமை போய்ப் பக்கத்தில் தண்ணீரை வைக்க வேண்டும். பதினாறு நாட்டு அணிகள். மனிதர் யாரும் கை கொடுக்கக் கூடாது. அதற்காகத்தான் அணியினரை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அணியை அழைத்து வந்த பேராசிரியர் ராஜகணபதி சார் அப்படி உட்கார்ந்திருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்போல. அவருக்குப் பக்கத்தில் பிரிட்டோ, தும்பியின் மூளையை எழுதியவன். அவன் கைகளும் முழங்கால் மேல். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் பார்க்க வேண்டியது மஞ்சள் கோட்டை.

தொடங்கும் முன் ஹெலன் அவளை விதியை ஒரு முறை திருப்பிச் சொல்லவைத்தாள். பூங்கோதைக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேசினால் தடுக்கும். ஆனால் இந்த விதியை விமானத்திலேயே மனப்பாடம் செய்திருந்தாள். பறக்கும் இயந்திரம் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தோன்றினால் நீங்கள் நிறுத்தலாம். தாண்டிவிட்டால் நீங்கள் நிறுத்தியே ஆக வேண்டும். "தோன்றினால் என்றால் யாருக்கு?" என்று பூங்கோதை கேட்டாள். ஹெலன் ஐம்பது வயதுக்காரி, கழுத்தில் விசில் தொங்கியது. "உங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான். மஞ்சள் கோடு களத்தைச் சுற்றித் தரையில் ஒட்டிய நாடா. அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு நடைபாதை, அதற்கும் அப்பால் வலை, வலைக்கு வெளியே பார்வையாளர்கள். ஏசி அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. இருந்தும் கட்டைவிரல் வியர்த்தது. துடைக்கலாமா? துடைக்க இரண்டு நொடி. இரண்டு நொடியில் தும்பி எட்டு மீட்டர் போகும். துடைக்க வேண்டாம். தும்மல் வந்தால்? இந்தப் புகைக்குத் தும்மல் வரலாம். தும்மினால் உடம்பு முழுக்க ஒரு உதறல், அந்த உதறல் விரலுக்கும் போகும், ஸ்பிரிங் இளகல், போதும், பதினாறு நாட்டுக்காரர்கள் முன்னால் ஒரு தும்மலில் தும்பி விழும். முன்பு இருந்த ஸ்பிரிங் கெட்டி. காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கி இந்த இளகல் ஸ்பிரிங்கை வாங்கி அவளே மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் மாற்றினாய் என்று கேட்டிருந்தால் பழசு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தாள். துரு இல்லை. பழைய ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. அதை இன்னும் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறாள். 17:22. கூடத்தில் கைதட்டல். தும்பி முதல் பொம்மையின் மேல் நின்று பச்சை விளக்கைக் காட்டியது.

கைதட்டல் ஆபத்து. கைதட்டும்போதுதான் மனசு நழுவும். அன்றைக்கும் யாரோ கைதட்டினார்கள். வேண்டாம், அன்றைக்கு இல்லை, இன்றைக்கு. எருமை சரிவில் ஏறுகிறது. ஏறட்டும். அது தரையில் போகிறது, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, மோதினால் ஒட்டுப்பலகைதான் உடையும். பறப்பதைத்தான் பார்க்க வேண்டும். பறப்பதில் ஒரு சிக்கல் உண்டு, விதிப்புத்தகத்தில் அதை எழுதவில்லை: பட்டனை அமுக்கினால் தும்பி நிற்காது. விழும். எங்கே அமுக்குகிறோமோ அங்கே, போன வேகத்தோடு இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி விழும். விழும்போது இறக்கைகள் உடனே ஓயாது, மின்விசிறியை அணைத்த பிறகும் சுற்றுகிற மாதிரி சுற்றும். ஆகவே கோட்டைத் தாண்டிய பிறகு அமுக்குவது என்பது கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் தலையில் போடுவது. முன்னாலேயே அமுக்கினால் பயந்தாங்கொள்ளி. பின்னால் அமுக்கினால். பின்னால் அமுக்கினால், பிரிட்டோ. சரி, வந்தாயிற்று. எந்தப் பக்கம் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது, விடுதிக்குப் பின்னால் இருந்த அந்தக் காலி மைதானம், அந்தச் செவ்வாய்க்கிழமை, பங்குனி வெயில். பதினோரு நிமிடமாகத் தும்பி ஒரு தப்புச் செய்யாமல் பறந்துகொண்டிருந்தது. அதுவரை ஆறு நிமிடத்துக்கு மேல் பறந்ததே இல்லை. ராஜகணபதி சார் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். அப்போது அது கொஞ்சம் சாய்ந்தது. சாய்ந்து, பிரிட்டோ மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த வேப்பமரத்துப் பக்கம் போக ஆரம்பித்தது. அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்துவிட்டு, திரும்பிவிடும் என்று நினைத்தாள். நினைக்கக்கூட இல்லை. இத்தனை நல்லாப் போகிறதை நான் கெடுக்கணுமா என்று இருந்தது. சார் படம் எடுக்கிறாரே என்று இருந்தது. ஒன்று. இரண்டு. அப்புறம் அமுக்கினாள்.

15:04. இரண்டாவது பொம்மை. இதற்கு வாயில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், முனகுகிறது. ஒரே முனகல், ஏழு நொடிக்கு ஒரு தடவை, முடியும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வேறு. பிரிட்டோ அன்றைக்கு முனகவில்லை. "ஏ" என்றான், யாரையோ கூப்பிடுகிற மாதிரி. முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கியிருந்தான். மோதிர விரலும் சுண்டு விரலும். நரம்பைத் தைத்தார்கள், இரண்டு தரம். இப்போது விரல் இருக்கிறது, மடங்காது. லேப்பில் அவன் தட்டச்சு செய்கிற சத்தம் மாறிப்போயிற்று. முன்பு மழை மாதிரி இருக்கும், இப்போது நடுவில் ஒரு தயக்கம், எட்டு விரலின் கணக்கு. நாலு மாதமாக அவள் அந்தத் தயக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுற்றி நின்றபோது அவன், "காத்து தூக்கிருச்சு சார்" என்றான். சாரும் அறிக்கையில் காற்று என்றே எழுதினார். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் பெருந்தன்மையாக ஒரு பொய் சொல்லும்போது குறுக்கே பேசி அதைக் கெடுப்பதா என்று முதல் நாள் நினைத்தாள். மறுநாள், நேரம் போய்விட்டது என்று நினைத்தாள். பத்தாம் நாள் நினைப்பதற்கு ஒன்றும் இல்லை, தொண்டையில் மீன்முள் மாட்டிய மாதிரி சோறு உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தாள். அமுக்கியிருக்காவிட்டால் தும்பி அவன் தலைக்கு மேலேயே போயிருக்குமோ? அதுவும் உண்டு. விழவைத்ததே அவள்தானோ? முதல் நொடியில் அமுக்கியிருந்தால் வெறும் மண்ணில் விழுந்திருக்கும். அமுக்காமலே இருந்திருந்தால் மரத்தில் மாட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில், சரியாக அந்த இடத்தில், அவன் கை.

எருமை சரிவில் நின்றுவிட்டது. 13:10. ராஜகணபதி சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பாதி ஏறி நிற்கிறது, பின்வாங்கவும் இல்லை. யோசிக்கிறது. யோசிக்கட்டும். யோசிக்கிறது என்று சொல்லக் கூடாது என்பார் சார், கணக்குப் போடுகிறது என்று சொல்ல வேண்டும். இருக்கலாம். தானும் இங்கே நின்று கணக்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாளா? பட்டனைப் பிடிக்க யார் என்று பேச்சு வந்தபோது அவள் லேப்பின் மூலையில் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொல்ல வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள், வீட்டில் மகளுக்குப் பரீட்சை, பாஸ்போர்ட்டே இல்லை, இப்படி. பிரிட்டோ தலையைத் தூக்காமல், "அக்கா பிடிக்கட்டும் சார்" என்றான். அத்தோடு முடிந்தது. ஏன் சொன்னான்? மன்னித்துவிட்டேன் என்று காட்டவா? தண்டனையா? நின்று அனுபவி என்றா? விமானத்தில் மூன்று மணி நேரமும் இதைத்தான் உருட்டிக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். தண்டிக்கிறவன் அப்படித் தூங்குவானா? மன்னித்தவன் மட்டும் தூங்குவானா? தூத்துக்குடிப் பையன், இருபத்தாறு வயது, கேட்டால் சொல்லிவிடுவான். கேட்கத்தான் முடியவில்லை. கேட்டால் காற்று இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். எருமை ஒரு சாண் பின்னால் வந்து, திரும்பி, வேறு பக்கமாக ஏறியது. சார் மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. 11:48. முதல் பொம்மைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது பொம்மை 9:50-இல். சரியான இடம், சரியான உயரம், பச்சை விளக்கு. காலையில் ஆடிய ஆறு அணிகளில் மூன்றைத் தாண்டியது ஒன்றே ஒன்றுதான். இன்னும் ஒன்று கிடைத்தால் இரண்டாம் இடம். அவளுக்கே ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் கண் அங்கே போகும், தும்பியின் பச்சை விளக்குக்கு. கண்ணை இழுத்து மறுபடி கோட்டில் வைத்தாள். கால் மரத்துப்போயிருந்தது. எடையை இடது காலுக்கு மாற்றினாள். தன் உடம்பில் எத்தனை சாமான்கள் இருக்கின்றன என்று ஆச்சரியமாக இருந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் கூப்பிடுகிறது, முழங்கால், கழுத்து, மூக்கு நுனி. நாள் முழுக்க இவை கத்திக்கொண்டேதான் இருக்கின்றனவா, வேலை இருப்பதால் காதில் விழவில்லையா. மகள் இப்போது பள்ளியில் இருந்து வந்திருப்பாள். அங்கே மணி ஒன்றரை மணி நேரம் கூட. பெட்டியின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து வலித்தது. தும்பி மேற்குச் சுவரை ஒட்டி மெல்லத் தேடிக்கொண்டு போயிற்று, அதன் நிழல் சிமெண்டுப் பலகை மேல் ஏறி இறங்கியது. மேற்குப் பக்கம் இன்னும் பொம்மை இருக்க வேண்டும் என்று சார் காலையிலேயே சொன்னார். 6:30. தேடுகிறது. 6:12. தேடும்போது அது தலையை, தலை என்று சொல்லக் கூடாது, கேமராவை, இடமும் வலமுமாக ஆட்டும். இடம், வலம். இடம். நின்றுவிட்டது. நின்று ஒரே பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நடைபாதையில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். கூடத்தைப் பெருக்குகிறவர். நீலச் சட்டை, பக்கத்தில் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது, தலையில் ஹெல்மெட் இல்லை, குனிந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார்? யார் விட்டார்கள்? ஒட்டுப்பலகைச் சுவரின் மறைவு, நடுவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, தும்பிக்கும் தெரிந்தது. தும்பிக்கு வேண்டியது சூடு. ஆள் அளவில் ஆள் சூடு. பொம்மை எது மனிதர் எது என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது தப்பு எதுவும் செய்யவில்லை. சொன்னதைச் செய்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டது, அவரிடம் போகிறது.

வேலி இருக்கிறது. பிரிட்டோ எழுதிய வேலி, கண்ணுக்குத் தெரியாத வேலி, கோட்டுக்கு இந்தப் பக்கமே தும்பியைத் திருப்பிவிடும், நூறு தடவை சோதித்தது, அவளே உடனிருந்து பார்த்தது. திருப்பிவிடும். திருப்பும் என்றுதான் அன்றைக்கும். அன்றைக்கு வேலி இல்லை, அதற்குப் பிறகுதான் எழுதினான், தைத்த கையோடு எழுதினான். அப்படியானால் நம்பலாம். 5:44. தும்பி சாய்ந்தது. இரண்டாம் இடம். இரண்டு மீட்டர். அவர் நிமிரவில்லை. போனில் யாரோ சிரிக்கிறார்கள் போல, அவரும் சிரித்தார். பிரிட்டோ பார்த்துக்கொண்டிருப்பான். சார் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று என்று எண்ணத் தொடங்கியது மனசு, இரண்டு வருவதற்குள் விரல் இறங்கியிருந்தது. ஸ்பிரிங் ஒரு எதிர்ப்பும் காட்டவில்லை.

சத்தம் அறுந்தது. தும்பி முன்னால் தள்ளிக்கொண்டு விழுந்து, சிமெண்டுப் பலகையில் ஒரு தரம் மோதி, மல்லாந்து, மஞ்சள் நாடாவுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் கிடந்தது. ஓர் இறக்கை மட்டும் தனியாகக் கழன்று நாடாவைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போய் வாளியில் பட்டு நின்றது. எருமை இருந்த இடத்திலேயே உறைந்திருந்தது. கடிகாரம் 5:41. கூடம் முழுக்க 'ச்ச' என்று ஒரு சத்தம் எழுந்தது, அது எந்த மொழி என்று சொல்ல முடியாது. ஹெலன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தாள், சுவரைச் சுற்றி வந்ததும் வாளியில் இருந்தவரைப் பார்த்தாள், முகம் வெளுத்து, காதில் மாட்டியிருந்த மைக்கில் யாரையோ வேகமாகத் திட்ட ஆரம்பித்தாள். அவர் எழுந்து நின்றார். கால் அருகே கிடந்த இறக்கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு தும்பியைப் பார்த்தார். பிறகு, கையில் பெட்டியோடு நின்ற பூங்கோதையிடம் வந்து இறக்கையை நீட்டினார். சட்டைப் பையில் இருந்த அட்டையில் அவர் பெயர் சீனி முகம்மது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"தமிழ்தானம்மா? பேச்சு கேட்டுச்சு, காலையில" என்றார். "ஒடஞ்சு போச்சா?"

"ஆமாங்கண்ணா."

"அடடா. நல்லாப் பறந்துச்சே. பாவம்" என்றார். அவர் துடைப்பத்தை எடுப்பதற்குள் இரண்டு பேர் வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதும் திரும்பித் தும்பியைத்தான் பார்த்தார். அவளுக்குப் பட்டனில் இருந்து விரலை எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்தாள். நகத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

ராஜகணபதி சார் கோபப்படுகிற ஆள் இல்லை. வேலை பார்த்த பதினோரு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. குரல் தாழும், அதுதான். "வேலி இருந்துச்சே, பூங்கோதை" என்றார். "இருந்துச்சுங் சார்" என்றாள். அந்த ஆளைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது; அவரும்தான் பார்த்தாரே. "நாளைக்கு ரெண்டாவது ஆட்டம் இருக்கு. நாளைக்கு நானே பிடிச்சுக்கறேன். உங்களுக்கும் சிரமம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடுவர்களிடம் போனார். சிரமம் என்ற சொல் நல்ல சொல். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு வேலை இருந்தது. தும்பியை மேசை மேல் மல்லாக்கப் போட்டு, கழன்ற கம்பிகளை வரிசையாகப் பிரித்து வைத்தாள். இரண்டு கால்கள், ஒரு இறக்கை, கேமராத் தாங்கி. ராத்திரிக்குள் முடிந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டோ மடிக்கணினியை விரித்து, தும்பியின் உள்ளே பதிந்திருந்த பதிவை இறக்கிக்கொண்டிருந்தான். நொடிக்கு நூறு வரி, எப்போது எந்தப் பக்கம் சாய்ந்தது, என்ன நினைத்தது எல்லாம் அதில் இருக்கும். தட்டச்சின் சத்தம், தயக்கம், சத்தம். நின்றது.

"அக்கா" என்றான். "திரும்பியிருக்கும்."

அவள் கோலை வைக்கவில்லை. ஈயம் உருகிக் கம்பியில் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே, "எப்ப?" என்றாள்.

"நீங்க அமுக்கினதுக்கு முன்னாடியே. கால் செகண்ட் முன்னாடி வேலி 'திரும்பு'ன்னு சொல்லிருச்சு. மோட்டார் திரும்ப ஆரம்பிச்சிருந்துச்சு. நீங்க விட்டிருந்தா கோட்டுக்கு அரை மீட்டர் முன்னாலயே நின்னிருக்கும்."

சுற்றி வளைக்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மழை பெய்கிறது என்பது மாதிரி. ஏதாவது உடையும் என்று அவள் காத்திருந்தாள். உடையவில்லை. ஈயம் ஆறி மங்கியது. அடுத்த கம்பியை எடுத்தாள். எடுத்த கையோடு, இதைச் சொல்லப் போகிறோம் என்று தனக்கே தெரிவதற்கு முன்னால், "அன்னைக்குக் காத்து இல்ல, பிரிட்டோ" என்றாள்.

"தெரியும்க்கா" என்றான்.

"நான் பாத்துட்டேதான் இருந்தேன். ரெண்டு செகண்ட் விட்டுட்டேன்."

"ஒண்ணே முக்கால். அதுவும் பதிவுல இருக்கு. அன்னைக்குக் காத்தே கிடையாது, இலைகூட ஆடல."

"அப்புறம் ஏன் காத்துன்னு சொன்னே?"

அவன் யோசித்தான். நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்க்கிற முகம். "ஊசி போட்டிருந்தாங்கள்ல. தலை சுத்திட்டு இருந்துச்சு. சார் என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டுட்டே இருந்தாரு, வாயில வந்ததச் சொல்லிட்டேன். பதிவைப் பாத்தது ஒரு வாரம் கழிச்சு. அப்புறம் போய் மாத்திச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. நீங்களும் ஒண்ணும் கேக்கல."

நாலு மாதம். பெருந்தன்மை, பொய், தண்டனை என்று அவள் கட்டி எழுப்பியிருந்ததெல்லாம் ஓர் ஊசி மயக்கம். அழுகை வருமோ என்று பார்த்தாள், வந்தது எரிச்சல், பிறகு அதுவும் போயிற்று. அவன்மேல் எரிச்சல்பட அவளுக்கு என்ன இருக்கிறது? அவன் மடங்காத இரண்டு விரல்களும் விசைப்பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதன்முறையாக அவற்றை நேராகப் பார்த்தாள். தைத்த தடம் வெளுத்திருந்தது. "வலிக்குதா இன்னும்?" என்றாள். "ஏசியில வலிக்கும்" என்றான். "இங்க வலிக்குது." அவள் தன் சால்வையை எடுத்து மேசை மேல் தள்ளினாள். அவன் அதைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"எல்லாந் தெரிஞ்சும் என்னையப் பிடிக்கச் சொன்னியே, ஏன்?"

"சார் பிடிச்சா திரையப் பாப்பாரு. நான் பிடிச்சா தும்பியப் பாப்பேன், நான் எழுதினது சரியா ஓடுதான்னு. அந்தச் செவ்வாக்கிழமைக்கு அப்புறம் நீங்க ஒரு ஆள்தான் தும்பிக்குக் கீழ யார் இருக்காங்கன்னு பாக்குறீங்க. லேப்லயே பாத்திருக்கேன். எல்லாரும் மேல பாப்பாங்க, நீங்க தரையப் பாப்பீங்க." மறுபடி திரைக்குத் திரும்பினான். "பொம்மைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியலக்கா. நாளைக்குள்ள எதாவது செய்யணும். பொம்மை மூச்சு விடாதுல்ல, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்கச் சொல்லலாமா?" என்று தனக்குள் பேச ஆரம்பித்துவிட்டான். அவள் அங்கே இல்லாத மாதிரி.

ஐந்து மணிக்குள் நாளைய ஆட்டத்துக்கான தாளைக் கொடுத்துவிட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ராஜகணபதி சார் நடுவர் மேசை அருகே நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார். அணியின் பெயர், இயந்திரங்களின் எடை, பேட்டரி எண். பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனாள். என்ன சொல்வது என்று தயார்செய்யவில்லை.

"நாளைக்கும் நானே பிடிக்கறனுங் சார்."

அவர் நிமிர்ந்தார். "பதிவைப் பாத்தீங்களா? பிரிட்டோ சொன்னானா?"

"சொன்னானுங்க. திரும்பியிருக்கும்."

"நாளைக்கும் அதே மாதிரி கோட்டுப் பக்கம் போனா?"

"கீழ யாரும் இல்லீன்னா விட்டுருவனுங்க."

"யாராவது இருந்தா?"

"அமுக்குவனுங்க சார்."

கூடத்தில் அடுத்த அணியின் இயந்திரம் சோதனைக்கு எழும்பியது. இருவரும் பேச்சை நிறுத்தி அது அடங்கக் காத்திருந்தார்கள். சார் அதை அண்ணாந்து பார்த்தார். பூங்கோதை அதற்குக் கீழே இருந்த நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலியாக இருந்தது, ஒரு கவிழ்ந்த வாளி மட்டும். சத்தம் அடங்கியபோது அவர் பார்வை அவள்மேல் இருந்தது, எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பட்டன் பிடிப்பவருக்கான கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த தன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, பேனாவைக் கொடுத்தார்.

"தெளிவா எழுதுங்க" என்றார். "அவங்க படிக்கணும்."